வாசலோடு திரும்பிய சாமியார்

மழை பிடித்துக்கொண்டால் சலவைக்கூடத்தில் வேலை இரட்டிப்பாகிவிடும். வெளிக்கொடியில் எதுவும் காயாது. ஓட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாய் வந்து இறங்கும் படுக்கை விரிப்புகள் அத்தனையும் சூட்டு இயந்திரத்துக்குள் புகுந்துதான் வெளியே வர வேண்டும். உள்ளே ஆவியும் வெக்கையும். வெளியே கூரைத் தகட்டில் மழை கொட்டுகிற சத்தம். ரோலருக்கு இந்தப் பக்கம் நின்று ஈரவிரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கொடுப்பவள் தோத்திரம்மா. அந்தப் பக்கம் சூடாக வெளியே வருவதைப் பிடித்து மடிப்பவள் ரேடியோ.

இரண்டுமே அங்கே வைத்த பேர்கள்தான். ரேடியோவுக்கு ஏன் அந்தப் பேர் என்பது அவள் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்றால் தெரிந்துவிடும். தோத்திரம்மா எதற்கெடுத்தாலும் 'தோத்திரம்' என்பாள். இயந்திரம் ஓடினாலும் தோத்திரம், நின்றாலும் தோத்திரம். ஒருமுறை ரோலரில் கை பட்டு முழங்கைவரை கொப்பளித்தபோதும் பல்லைக் கடித்துக்கொண்டு அதையேதான் சொன்னாள். மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். "முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா. கடவுள் எங்கேயும் ஓடிட மாட்டாரு."

தோத்திரம்மாவின் புருஷன் சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டார். ஒரே மகள். அவளை அந்த ஆவியிலும் கஞ்சிப்பசையிலும் நின்றே வளர்த்து ஆளாக்கினாள். மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்கு ஒருநாளும் தவறியதில்லை. கோயிலின் பீடத்துணிகளைத் துவைத்துத் தருவதும் அவள்தான். பூசைப் பாத்திரம் துடைக்கிற சின்னத் துணிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, அதற்கென்றே வைத்திருக்கும் பீங்கான் கிண்ணத்தில் முதலில் தனியாக அலசுவாள். அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்ற மாட்டாள். பூசையில் ஆண்டவருடைய இரத்தமாகிற திராட்சை ரசம் பட்ட தண்ணீர் மண்ணுக்குத்தான் போக வேண்டும் என்று, மாடியில் வளர்க்கும் செடியின் அடியில் ஊற்றுவாள்.

அப்படிப்பட்டவளுடைய மகள் கோயில் வாசலை மிதிப்பதை நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்தது. ஏன் என்று மகள் சொன்னதில்லை. தாயும் கேட்டதில்லை. கேட்காததற்குக் காரணம் இருந்தது.

ஒரு காலையில் தோத்திரம்மா வேலைக்கு வந்தாள். விரிப்பின் இரண்டு முனைகளையும் கையில் எடுத்தவள் ரோலரில் கொடுக்காமல் அப்படியே நின்றாள்.

"என்னக்கா, பிரமை பிடிச்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றாள் ரேடியோ.

"நான் நாளையிலேர்ந்து வரல."

"ஏன்? காய்ச்சலா?"

"மகளுக்கு வயித்துல கட்டி. ஆபரேஷன் பண்றோம்னு கூட்டிட்டுப் போனாங்க. திறந்து பாத்துட்டு அப்படியே தச்சு அனுப்பிட்டாங்க. எல்லா இடத்துலயும் பரவிடுச்சாம். வீட்டுல வச்சு வலி தெரியாம பாத்துக்கோங்கன்னுட்டாரு டாக்டரு."

ரேடியோ வாயடைத்து நின்றதை அந்தக் கூடம் அன்றைக்குத்தான் பார்த்தது. பிறகு அவள் மெல்ல, "தோத்திரம்னு சொல்லாதீங்கக்கா, இதுக்கு," என்றாள்.

"சொல்லல," என்றாள் தோத்திரம்மா.

மகள் நகரப் பேருந்தில் கண்டக்டர். மூச்சுமுட்டுகிற கூட்டத்திலும் கடைசிப் படிவரை கேட்கிற குரல். மருமகன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன்; பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு பேசுவான். அவர்கள் குடியிருந்ததோ லிஃப்டே இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. "ஊர்ல உள்ள லிஃப்ட்டெல்லாம் என் புருஷன் கையில, என் முட்டி மட்டும் படிக்கட்டு கையில," என்று மகள் சொல்லிச் சிரிப்பாள். நாலாம் வகுப்புப் படிக்கிற பேத்தியை எல்லோரும் வாலு என்றார்கள்.

தோத்திரம்மா ஒரு பையோடு அந்தப் படிகளை ஏறிப் போனபோது, கட்டிலில் கிடந்தவள் பாதியாகியிருந்தாள். குரல் மட்டும் மிச்சம்.

"வாங்க வாங்க, உள்ள நகருங்க, நடுவுல இடம் இருக்கு," என்றாள் மகள்.

தாய்க்குச் சிரிப்பு வந்தது. உடனே அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அதன்பிறகு அந்த வீடு அவள் கையில் ஓடியது. காலையில் பேத்திக்குத் தலைவாரி, ரொட்டியும் முட்டையும் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்புவாள். அரிசியைக் குழைய வேகவைத்து, மசித்து, துணியில் வடித்து, உப்புப் போட்ட கஞ்சியை மகளுக்குக் கரண்டி கரண்டியாய்க் கொடுப்பாள். நாலாவது கரண்டியில் மகள் வாயை இறுக்கிக்கொள்வாள்.

"இன்னும் ஒண்ணு. எனக்காக."

"உனக்காகத்தான் ரெண்டாவது குடிச்சேன். மூணாவது என் வீட்டுக்காரருக்காக. இனிமே யாருக்காகக் குடிக்கணும்? மேஸ்திரிக்காகவா?"

குடித்தது கொஞ்ச நேரத்தில் வெளியே வந்துவிடும். தாய் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு முதுகைத் தடவுவாள். விரிப்பு மாற்றுவாள். ஆளைக் கட்டிலிலிருந்து எழுப்பாமல், ஒரு பக்கம் புரட்டி, பழையதைச் சுருட்டிப் புதியதை விரித்து மறுபக்கம் புரட்டும்போது ஒரு சுருக்கம் இருக்காது. "ஓட்டல்ல இருக்கிற மாதிரி இருக்கும்மா," என்பாள் மகள். ராத்திரிக்குக் கூப்பிட வேண்டுமானால் ஊதுவதற்குக் கண்டக்டர் விசிலைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். ஊத மூச்சு இல்லாமல் போனபின் வாலு அதை எடுத்து மாட்டிக்கொண்டு, அம்மா கண்ணைக் காட்டும்போதெல்லாம் அவளுக்குப் பதிலாக ஊதினாள்.

மாலையில் விளக்கு போட்டதும் தோத்திரம்மா சுவரோரம் முட்டி போட்டு ஜெபமாலையை எடுப்பாள். முதல் நாளே மகள் சொல்லிவிட்டாள்.

"நீ சொல்லிக்கோ. வாயை மூடிட்டுச் சொல்லு. எனக்குக் கேக்க வேணாம்."

"உனக்காகத்தானே சொல்றேன்."

"எனக்குத் தெரியும். அதான் சும்மா இருக்கேன்." மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னாள். "இன்னொண்ணு. சாமியாரக் கூட்டிட்டு வரக்கூடாது. எண்ணெய் கிண்ணெய் எதுவும் வேணாம். அவருக்கும் சொல்லிட்டேன், உனக்கும் சொல்றேன். செத்தப்புறமும் கோயிலுக்குக் கொண்டுபோகக் கூடாது."

'அவரு' என்றது மருமகனை. அவன் கதவோரம் நின்று காலணியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

சாகக் கிடப்பவருக்குச் சாமியார் வந்து நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசி, பாவத்தை மன்னித்து, ஆண்டவரின் உடலாகிய நன்மை அப்பத்தைக் கொடுப்பதை இப்போது 'நோயில்பூசுதல்' என்கிறார்கள். தோத்திரம்மாவுக்கு அது அவள் தாய் காலத்துச் சொல்லிலேயே 'அவஸ்தை'. அவஸ்தை வாங்காமல் தன் வீட்டில் ஓர் ஆள் போவது என்பதை அவளால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. சாப்பாடு இல்லாமல் பிள்ளையை நெடும்பயணத்துக்கு வண்டியேற்றி அனுப்புவதுபோல் இருந்தது. அதுகூட இல்லை. எந்த ஊர் என்றே தெரியாத வண்டியில் ஏற்றுவதுபோல்.

மழை சற்று விட்ட ஒரு மத்தியானத்தில் மகளுக்குத் தலை கழுவிவிட்டாள். கட்டிலின் குறுக்கே படுக்கவைத்து, தலையைத் தன் மடிமேல் தாங்கி, கீழே வாளி வைத்து, குவளையால் வெந்நீர் விட்டாள். நோயில் கொட்டியது போக மிச்சமிருந்த முடி சின்னப் பிள்ளையின் முடிபோல் மெத்தென்று இருந்தது.

கண்ணை மூடியபடி மகள் பேசினாள்.

"அவன் தலையும் இப்படித்தான் இருந்துச்சு."

தாயின் கை நின்றது. யார் என்று கேட்கவில்லை. வாலுக்கு முன்னால் பிறந்த ஆண்பிள்ளை. மாதம் நிறையாமல் பிறந்து, ஒரு பகல்கூட முழுசாய் இருக்காமல் போனவன். அவனைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

"தண்ணி ஆறுதும்மா. ஊத்து."

ஊற்றினாள்.

"நர்ஸு என் கையில அவன வச்சுட்டு, ரொம்ப நேரம் தாங்காதுன்னு சொன்னப்ப நீ பக்கத்துல இருந்தே. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"ஞானஸ்நானம் கொடுக்காம போயிடக் கூடாதுன்னு சாமியாரக் கூப்பிட ஓடினே."

"ஓடினேன்."

"அவரு வெளிவேலையா வேற வீட்டுக்கு வண்டியில அலைஞ்சுட்டு இருந்தாருல்ல? சாமியாரு வர வழியில்ல. என் வீட்டுக்காரரு மருந்து வாங்கப் போயிட்டாரு. நான் மட்டும்தான் இருந்தேன். அவன் வாயத் தொறந்து தொறந்து மூடினான். எனக்குப் பயமா இருந்துச்சும்மா. நான் 'அம்மா அம்மா'ன்னு கூப்பிட்டேன். அவன இல்ல, உன்னக் கூப்பிட்டேன். நீ திரும்பி வரும்போது அவன் சில்லுனு இருந்தான். நீ நெத்தியில சிலுவை போட்டுட்டு, 'தேவ சித்தம்'னு சொன்னே."

தாய் இன்னொரு குவளை வெந்நீர் விட்டாள்.

"கோயில்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. சாமியாருமேலயும் இல்ல. அந்த ரெண்டு வார்த்தைய வேற யாராவது சொல்லியிருந்தா கேட்டுட்டுப் போயிருப்பேன். நீ சொன்னே."

அவன் நெற்றியில் தானே தண்ணீர் விட்டு ஞானஸ்நானம் கொடுத்திருக்கலாம், ஆபத்தில் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பது பதற்றத்தில் தோன்றாமல் போனதைத் தோத்திரம்மா எத்தனையோ முறை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி அழுதிருக்கிறாள். மகளைத் தனியே விட்டு ஓடியதை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அது பாவம் என்றே அவளுக்குத் தோன்றியதில்லை.

துண்டால் தலையை ஒற்றி எடுத்தபடி, "தப்புதான்," என்றாள். "நான் உன் பக்கத்துல இருந்திருக்கணும்."

மகள் கண்ணைத் திறந்து கீழிருந்து மேலாகத் தாயின் முகத்தைப் பார்த்தாள்.

"இந்தத் தடவ எங்கேயும் ஓடிடாதேம்மா."

"ஓடல."

அந்த வாரத்தில் ரேடியோ ஆரஞ்சுப் பழங்களோடு வந்தாள். நோயாளியிடம் சலவைக்கூடத்துக் கதைகளை எல்லாம் சொல்லிச் சிரிக்கவைத்தாள். மேஸ்திரியின் சட்டையே ரோலரில் மாட்டிக்கொண்ட கதையைக் கேட்டு மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "போதும், தையல் விட்டுடும்," என்றாள். விடைபெறும்போது படிக்கட்டில் வைத்து ரேடியோ குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, அவஸ்தை கொடுத்தாச்சா?"

"வேணாங்கிறா."

"வலியில என்னத்தையாவது சொல்லும். அதக் கேட்டுட்டு நீங்களும் கைய கட்டிட்டு உக்காந்திருப்பீங்களா? பெத்த தாயி நீங்க. நாளைக்கு அது மோட்சத்துக்குப் போக முடியாம உத்தரிக்கிற ஸ்தலத்துல கிடந்து தவிச்சா உங்களுக்குத் தூக்கம் வருமா?"

ரேடியோ நல்லவள். மனதில் விஷமில்லாமல்தான் சொன்னாள். ஆனால் அன்றையிலிருந்து தோத்திரம்மாவுக்குத் தூக்கம் போனது. மறுநாள் பால் வாங்கப் போனவள் அப்படியே கோயிலுக்குப் போனாள். சாமியார் வயதில் இளையவர். நனைந்த குடையோடு வந்து நின்றவளை உட்காரச் சொல்லி, முழுசாகக் கேட்டார்.

"அவங்களே வேணாம்னு சொல்லும்போது கட்டாயப்படுத்திக் கொடுக்க முடியாதும்மா. நான் வந்து சும்மா பாத்துப் பேசட்டுமா?"

"உங்களப் பாத்தாலே முகத்தத் திருப்பிக்குவா, ஃபாதர்."

"அப்ப விடுங்க. ஆண்டவர் அவரோட வழியப் பாத்துக்குவாரு."

அவள் எழுந்திருக்கவில்லை. குடைக்காம்பைத் திருகிக்கொண்டே கேட்டாள். "நினைவு தப்பிட்டா?"

சாமியார் தயங்கினார். "நினைவு தப்பினவங்க கேக்க முடியாம இருக்காங்க, மனசு மாறியிருக்கலாம்னு நல்லபடியா எண்ணிக் கொடுக்கிறது உண்டு. தாய் நீங்க. உங்களுக்கு அப்படித் தோணினா கூப்பிடுங்க, வர்றேன்."

பாலோடு மூன்று மாடி ஏறும்போது அவளுக்கு உடம்பே லேசானதுபோல் இருந்தது. வழி கிடைத்துவிட்டது. கூப்பிட வேண்டிய வேளை வரும்வரை பொறுத்திருந்தால் போதும்.

அதற்குப் பிறகு மகளைப் பார்க்கும் பார்வையே மாறிப்போனது. மகள் கண் செருகும்போதெல்லாம் தாய் குனிந்து பார்த்தாள். கூப்பிட்டால் பதில் வருகிறதா, கையைக் கிள்ளினால் இழுக்கிறாளா. "என்னம்மா கிள்ளுற?" என்று மகள் முனகினால் சந்தோஷப்பட வேண்டியவள், உள்ளுக்குள் எங்கோ, இன்னும் இல்லை என்று எண்ணிக்கொண்டாள். அப்படி எண்ணியது தனக்கே கேட்டதும் அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். பெற்ற பிள்ளைக்கு எப்போது நினைவு தப்பும் என்று காத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

இருந்தும், அந்த நாள் வந்தபோது அவள் கூப்பிட்டாள்.

காலையில் நர்ஸ் வந்து ஊசி போட்டுவிட்டு, "இனிமே பெரிசா எழுந்திருக்க மாட்டாங்கம்மா," என்றாள். மகளுடைய மூச்சு இழுத்து இழுத்து வந்தது. மருமகன் வாலுவை அழைத்துவரப் பள்ளிக்குப் போனான். வீட்டில் வேறு யாரும் இல்லை. தோத்திரம்மா போனை எடுத்து இரண்டே சொல் சொன்னாள். "வாங்க ஃபாதர்."

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. அவள் கட்டிலோரம் நாற்காலியைப் போட்டு, மகளின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். டிக்கெட் கிழித்துக் கிழித்துக் கட்டைவிரல் ஓரம் காய்த்துப்போயிருந்த கை. அந்தக் காய்ப்பு மட்டும் மெலியவில்லை.

கதவு தட்டப்பட்டது.

கையை மெல்ல விடுவித்துக்கொண்டு எழுந்தாள். மகள் அசையவில்லை. தடுக்க யாருமில்லை, செய்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதுமில்லை. கதவைத் திறந்தாள். சாமியார் முழங்கால்வரை நனைந்து, எண்ணெய்ச் சிமிழையும் நன்மைச் சிமிழையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூச்சிரைக்க நின்றார்.

"நினைவு இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்ல."

"சரிம்மா, வாங்க." அவர் செருப்பைக் கழற்றக் குனிந்தார்.

தோத்திரம்மா வாசலை விட்டு விலகவில்லை. ஒரு கை நிலையைப் பிடித்திருந்தது. ஆண்டவரையே கையில் ஏந்திவந்திருக்கும் ஆளை வாசலில் நிறுத்திவைத்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. நன்மையோடு சாமியார் போகிறார் என்றால் தெருவிலேயே முட்டி போடுகிறவள் அவள்.

"ஃபாதர்," என்றாள். "அவ வேணாம்னு சொன்னா. நல்லா நினைவோட சொன்னா."

"ஆமா, சொன்னீங்க."

"தூங்குறவ கையிலேர்ந்து அந்த வார்த்தைய நான் எப்படி ஃபாதர் பிடுங்குவேன்?"

சாமியார் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். உள்ளே மூச்சின் சத்தம் மாறியது. தோத்திரம்மா திரும்பிப் பார்த்தாள்.

"நான் இங்க உங்ககூட பேசிட்டு நிக்கிறேன், அங்க அவ தனியா இருக்கா. நீங்க போங்க. மன்னிச்சிருங்க. போங்க ஃபாதர்."

கதவைச் சாத்தக்கூட நிற்காமல் உள்ளே ஓடினாள்.

மகளுடைய கண் பாதி திறந்திருந்தது. எதையும் பார்க்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"அம்மா... போயிட்டியா?"

"இல்லம்மா. இங்கதான் இருக்கேன். எங்கேயும் போகல." கட்டிலில் ஏறி, மகளின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "பாரு, என் மடி. தெரியுதா? நான்தான்."

அதற்குப் பதில் வரவில்லை. படிக்கட்டில் காலடிச் சத்தம் இறங்கிப் போனது. வெகுநேரம் கழித்து இரண்டு ஜோடிக் கால்கள் ஏறி வந்தன. மருமகன் நனைந்த சட்டையோடு கட்டிலின் காலடியில் உட்கார்ந்து மனைவியின் பாதங்களைப் பிடித்துக்கொண்டான். வாலு பையைக் கழற்றாமலே பாட்டிமேல் சாய்ந்தாள். மூச்சு ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடைவெளி நீண்டுகொண்டே போனது. ஒரு மூச்சுக்கு அடுத்தது வரும் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள். வரவில்லை. தோத்திரம்மாவின் வலதுகை, பழக்கத்தில், மகளின் நெற்றியில் சிலுவை போட எழுந்தது. பாதியில் நிறுத்தி, நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

நகராட்சி இடுகாட்டில், மணியில்லாமல், பாட்டில்லாமல் புதைத்தார்கள். பேருந்து டிப்போவிலிருந்து சீருடையோடு ஒரு கூட்டமே வந்திருந்தது. ஜெபம் இல்லாத இடத்தில் கையை என்ன செய்வதென்று தோத்திரம்மாவுக்குத் தெரியவில்லை. பேத்தியின் தோளில் வைத்துக்கொண்டாள். ரேடியோ வந்திருந்தாள், தள்ளி நின்று அழுதுவிட்டுப் போனாள். "அத்தை, நீங்க எங்ககூடவே இருந்துடுங்க," என்றான் மருமகன். அவன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதே அதிகம்.

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வாலுவையும் கூட்டிக்கொண்டு அவள் கோயிலுக்குப் போனாள். பிள்ளையைக் கடைசிப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் பாவசங்கீர்த்தனத் தட்டியின் முன் முட்டி போட்டாள். அதே இளம் சாமியார்.

"ஃபாதர், என் மகளுக்கு அவஸ்தை கிடைக்காம போக நான்தான் காரணம். வந்த உங்களத் திருப்பி அனுப்பினேன்."

"தெரியும்மா."

"அதுக்கு மனம் வருந்தி மனஸ்தாபப்படணும்னுதான் வந்தேன். வழியெல்லாம் முயற்சி பண்ணேன். வரல ஃபாதர். நூறு தடவ கதவத் தட்டினாலும் நான் அவகிட்டத்தான் ஓடுவேன். மனஸ்தாபம் இல்லாம மன்னிப்பு கிடையாதுன்னு எனக்கும் தெரியும்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொண்ணும் இருக்கு. ராத்திரி படுத்தா அதே நினைப்புதான். அவளுக்கு மோட்சத்துல இடம் இல்லன்னு சொல்லிட்டா, எனக்கும் அங்க வேலையில்ல. அவ எங்க இருக்காளோ அங்க என்னையும் போடச் சொல்லுங்க. அவ தனியா இருந்தா பயப்படுவா." குரல் உடைந்துவிட்டது. "இது பெரிய பாவம்தானே ஃபாதர்?"

சாமியார் பேச முயன்று தொண்டையைக் கனைத்தார். மறுபடி கனைத்தார்.

"எனக்குத் தெரியலம்மா," என்றார் கடைசியில். "நான் படிச்சதுல இதுக்குப் பதில் இல்ல. நீங்க... ஒரே ஒரு மங்களவார்த்தை ஜெபம் சொல்லிட்டுப் போங்க."

அவள் பெஞ்சுக்கு வந்து கைகூப்பினாள். வாழ்நாளில் எத்தனை லட்சம் முறை சொன்ன ஜெபம். முதல் பாதி தானாக வந்தது. 'எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்' என்று மாதாவைக் கேட்கிற இடம் வந்ததும் நாக்கு நின்றுவிட்டது. முதலிலிருந்து தொடங்கினாள். அதே இடத்தில் நின்றது. பீடத்தில் விரித்திருந்த துணியில், வேறு யாரோ துவைத்த துணியில், ஒரு சுருக்கம் ஓடியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு மூன்றாம் முறை தொடங்கினாள்.

பக்கத்தில் பெஞ்சு கிறீச்சிட்டது. வாலு வந்து ஒட்டி உட்கார்ந்து அவள் கையைச் சுரண்டினாள்.

"பாட்டி, பசிக்குது."

"கொஞ்சம் பொறு. பாட்டி முடிச்சுட்டு..."

பிள்ளை தலையாட்டினாள். எதிர்த்துப் பேசவில்லை. அடங்கிப்போய், கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கத் தொடங்கினாள்.

தோத்திரம்மா அவளைப் பார்த்தாள். கூப்பிய கையைப் பிரித்து, சொல்லி முடிக்காத ஜெபத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

"வா," என்றாள். "வீட்டுல முட்டை இருக்கு."